பலர் பகிரும் லினக்ஸ் கணினியில் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு

பலர் ஒரே நேரத்தில் உள்நுழைந்து வேலை செய்யும் உபுண்டு கணினி ஒன்றின் நிர்வாகம் என் பொறுப்பில் இருக்கிறது. பயனர்களுக்கான அனுமதிகளைக் கையாளும் போல்கிட் மென்பொருளின் பிகேஎக்ஸெக் நிரலில் தாங்கள் கண்டறிந்த ஓட்டையைக் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் 2022 ஜனவரி 25 அன்று வெளியிட்டபோது, அந்தப் புதுப்பிப்பை வழக்கமான பராமரிப்பு நாள் வரை தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன். 2009 மே மாதம் முதலே நிரலில் இருந்துவந்த அந்தப் பிழைக்கு, பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2021-4034 என்ற எண் தரப்பட்டிருந்தது. கணினியில் ஒரு சாதாரணக் கணக்கு வைத்திருப்பவரால் மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும் என்பது தனி ஒருவரின் மடிக்கணினிக்கு ஓரளவு ஆறுதலாக இருக்கலாம். பகிர்வுக் கணினியில் அதுவேதான் ஆபத்து. ஏனெனில் அங்கே எல்லோரிடமும் சாதாரணக் கணக்கு இருக்கிறது, அவற்றில் ஒன்றின் கடவுச்சொல் பறிபோனாலும் மற்ற அனைவரின் கோப்புகளும் ரூட் (கணினியின் முழு நிர்வாகி) அதிகாரத்தோடு அயலார் கைக்குப் போய்விடும்.

பிகேஎக்ஸெக் ஒரு செட்யூஐடி நிரல். யார் இயக்கினாலும் அது ரூட் அதிகாரத்துடன் ஓடும். ஆகவே முதல் வேலையாக அந்தச் சிறப்பு அனுமதியை நீக்கி, கோப்பின் அனுமதியை 0755 என்று மாற்றினேன். குவாலிஸ் அறிவிப்பே பரிந்துரைத்த தற்காலிகத் தடுப்பு இது. யாருடைய வேலையையும் நிறுத்தாமல் ஓட்டை அடைபட்டதால், மீதியை நிதானமாகத் திட்டமிட முடிந்தது.

அடுத்து, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பதை 'டபிள்யூ' கட்டளையால் பார்த்தேன். அது காட்டுவது உள்நுழைந்திருப்பவர்களை மட்டுமே. பயனர் வெளியேறினாலும் தொடர்ந்து ஓடும் டிமக்ஸ் அமர்வில் ஒரு கணக்கீட்டை ஓடவிட்டுவிட்டு வெளியேறியவர்கள் அந்தப் பட்டியலில் வராமல் போகலாம். அதனால் இயங்கும் செயல்முறைகளின் முழுப் பட்டியலையும் பயனர்வாரியாகப் பார்த்து, நீண்ட கணக்கீடு வைத்திருந்தவர்களுக்குத் தனித்தனியே எழுதி, எப்போது நிறுத்தினால் இழப்பிருக்காது என்று கேட்டுக்கொண்டேன். பொதுவான அறிவிப்பு ஒன்றைத் திரையில் காட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

நிறுவலைத் தொடங்கியதும், மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் கருவியான ஆப்ட், ஒரே நேரத்தில் இரு நிறுவல்கள் நடக்காமல் தடுக்கும் பூட்டுக்கோப்பு வேறொரு செயல்முறையிடம் இருப்பதாகச் சொல்லி நின்றது. பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தானாக நிறுவும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் சேவை அதே நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. இந்த நிலையில் பூட்டுக்கோப்பை அழித்துவிடுமாறு பலர் ஆலோசனை சொல்வதுண்டு. தொகுப்புகளின் தரவுத்தளம் பாதியில் சிதையக்கூடும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. அந்தச் சேவை தன் வேலையை முடிக்கும்வரை காத்திருந்து, நிலுவையிலிருந்த மற்றத் தொகுப்புகளை நிறுவினேன். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையகத்தின் அமைப்புக் கோப்பை மாற்றவா என்று நிறுவல் இடையில் கேட்டபோது, எங்கள் உள்நுழைவு விதிகள் அதில்தான் இருந்தன என்பதால் பழைய கோப்பையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். இதற்கெல்லாம் முன்பே இரண்டாவது முனையத்தில் ஓர் அமர்வைத் திறந்து வைத்திருந்தேன். உள்நுழைவில் ஏதேனும் தடை வந்தால் சரிசெய்ய அதுதான் வழி.

தொகுப்பு நிறுவப்பட்டுவிட்டது என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. பிகேஎக்ஸெக் போன்ற நிரல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதால், அடுத்த முறை அழைக்கும்போதே திருத்தப்பட்ட வடிவம் ஓடுகிறது. பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சி நிரலகமான ஜிலிப்சியின் நிலை வேறு: வட்டிலுள்ள கோப்பு மாறினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவைகள் பழைய பிரதியையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். எவை அப்படி இருக்கின்றன என்பதை நீட்ரீஸ்டார்ட் கருவி பட்டியலிட்டுத் தரும். சேவைகளை நாமே மறுதொடக்கம் செய்யலாம். பயனர்களின் செயல்முறைகளை அவரவர்தான் முடிக்க வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதுப்பிக்கப்பட்டால், புதியது ஓட வழக்கமான வழி முழுக் கணினியையும் மறுதொடக்கம் செய்வதுதான். தானியங்கிச் சேவை இயல்பு அமைப்பில் அதைச் செய்யாது. பதிலாக, மறுதொடக்கம் தேவை என்ற குறிப்புக் கோப்பு மட்டும் உருவாகியிருக்கும். அந்தக் குறிப்பைக் கவனிக்க ஆளில்லாத பகிர்வுக் கணினிகள் பழைய கெர்னலிலேயே மாதக்கணக்கில் ஓடும்.

கணக்கீடுகள் முடிந்ததாகப் பதில்கள் வந்தபின், ஷட்டவுன் கட்டளைக்கு முப்பது நிமிட அவகாசமும் காரணத்தை விளக்கும் செய்தியும் கொடுத்தேன். அந்தச் செய்தி எல்லோருடைய முனையத்திலும் தோன்றியது; கடைசி ஐந்து நிமிடங்களில் புதிதாக யாரும் உள்நுழையாதபடி கணினியே தடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியில், கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் வட்டுப் பகுதியில் போதிய இடம் இருந்ததையும், புதிய கெர்னலின் கோப்புகள் முழுமையாக எழுதப்பட்டிருந்ததையும் சரிபார்த்தேன்.

கணினி மீண்டு வந்ததும் யுனேம் கட்டளையில் புதிய கெர்னல் எண் தெரிந்தது. போல்கிட்டின் முதன்மைப் பதிப்பு எண்ணோ 0.105 என்றே நீடித்தது. திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவருவதே உபுண்டுவின் வழக்கம் என்பதால், எண்ணின் பின்னொட்டையும் மாற்றக் குறிப்பில் அந்த சிவிஇ எண் இடம்பெற்றிருந்ததையும் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். நான் நீக்கியிருந்த செட்யூஐடி அனுமதியைப் புதிய தொகுப்பு தானே திரும்ப அமைத்திருந்தது. திருத்தப்பட்ட நிரலுக்கு அது தேவை என்பதால் அப்படியே விட்டுவிட்டு, கணக்கீடுகளை மறுபடி தொடங்கலாம் என்று எல்லோருக்கும் எழுதினேன்.