நாலாம் நாள் ஏறிய எண்

வீட்டில் பார்த்த கர்ப்பப் பரிசோதனை கார்டில் இரண்டு கோடு விழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை. லேசாக ரத்தம் கசிய ஆரம்பித்தது. இடது அடிவயிற்றில் சுருக் சுருக்கென்று வலி. வாயுப் பிடிப்பு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஸ்கேனில் கர்ப்பப்பை காலி. ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி, அதாவது கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன், 1,240. 48 மணி நேரம் கழித்து 1,610. "ஏறியிருக்கே டாக்டர், நல்லதுதானே?" என்றேன். "ஏறின வேகம் பத்தாதும்மா" என்றார். ஆரம்ப நாட்களில் இரண்டு, மூன்று நாளில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாக வேண்டுமாம். மறுபடி ஸ்கேன் பார்த்தபோது தெரிந்தது: கரு கர்ப்பப்பைக்கு வராமல் இடது டியூபிலேயே, அதாவது கருக்குழாயிலேயே, தங்கிவிட்டது. இடம் மாறித் தங்குகிற கருக்களில் 100-க்கு 90-க்கும் மேல் அங்கேதான் தங்குகின்றன.

"அதை எடுத்து உள்ளே வைக்க முடியாதா?" என்று கேட்டார் என் கணவர். நான் கேட்க நினைத்ததும் அதுதான். முடியாது. விட்டுவைத்தால் டியூப் வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டலாம். அந்த நிலைக்குப் போனால் உடனே ஆபரேஷன்தான், பெரும்பாலும் டியூபையே எடுத்துவிடுவார்கள்.

எனக்கு வெடிக்கவில்லை, கருவுக்குத் துடிப்பும் வரவில்லை, எண்ணும் குறைவு. அதனால் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி. சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார்கள். ஊசிக்கு எதற்கு உயரம்? உயரமும் எடையும் வைத்து உடலின் பரப்பைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் என்று போடுகிறார்கள். ஃபோலிக் ஆசிடின் வேலையைத் தடுத்துத்தான் அந்த மருந்து கருவின் வளர்ச்சியை நிறுத்துகிறது. ஆகவே குழந்தைக்கென்று தினமும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்த அதே மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அரை அட்டை மிச்சம்.

ஊசி போட்ட நாலாம் நாள் ரிப்போர்ட்: 1,890. ஏறியிருக்கிறது! லேப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இது சகஜமாம், நாலாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் 15 சதவீதமாவது இறங்குகிறதா என்பதுதான் கணக்காம். இதை முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஏழாம் நாள் 1,480.

தோள்பட்டை வலித்தால், மயக்கம் வந்தால், எந்த நேரமானாலும் ஓடி வா என்றிருந்தார்கள். வயிற்றில் கசியும் ரத்தம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். ஒரு ராத்திரி தோள் வலித்தது, அலறிக்கொண்டு போனோம். கோணலாகப் படுத்ததால் வந்த சுளுக்கு. யாரும் சிரிக்கவில்லை, "வந்ததே சரி" என்றார் டியூட்டி டாக்டர்.

எண் பூஜ்யத்தைத் தொட ஐந்து வாரம் ஆனது. ஊசி போட்டு மூன்று மாதமாவது அடுத்த கர்ப்பம் வேண்டாம் என்றார்கள். அப்புறம் போனபோது டாக்டர் எழுதிய முதல் மருந்து, ஃபோலிக் ஆசிட். வீட்டில் அந்த அரை அட்டை அப்படியே இருந்தது. தேதி பார்த்தேன், இன்னும் காலாவதியாகவில்லை.