ஒன்றாம் வகுப்புக்கு எதற்குப் பாடவேளை?

"சின்னப் பிள்ளைங்கதானே, அ ஆ, ஒண்ணு ரெண்டு சொல்லிக் கொடுத்தா போச்சு" என்று ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடம் யாராவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாம் கால அட்டவணையில் தனித்தனியாகத்தான் இருக்கின்றன, ஆனால் பிள்ளைகளுக்கு அந்த எல்லை எதுவும் தெரியாது, போகப்போக எங்களுக்கும் மறந்துவிடும்.

கழித்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் ஐந்து புளியங்கொட்டை வைத்து இரண்டை எடுத்துவிட்டால், மீதி மூன்று என்று பட்டென்று சொல்வார்கள். அதையே "கமலாகிட்ட 5 மாம்பழம் இருந்துச்சு, 2 தொலைஞ்சு போச்சு" என்று சொன்னால், "யாரு டீச்சர் எடுத்தா?" என்பான் ஒருவன், "தேடிப் பாத்தாளா?" என்பாள் இன்னொருத்தி. எனக்கு இது தொந்தரவாகத் தெரிவதில்லை, சொன்னது புரிந்ததால்தானே கேட்கிறார்கள்! கணக்கு வரவில்லை என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளில் பலருக்குச் சிக்கல் கேள்வியின் மொழியில்தான், "எவ்வளவு அதிகம்?" என்றால் விழிக்கும் அதே பிள்ளை, "எத்தனை கூட இருக்கு?" என்றால் சொல்லிவிடும்.

இலை கொண்டுவரச் சொன்னால் வேம்பு, முருங்கை, பூவரசு என்று வந்து குவியும். பெயர் சொல்வது சூழ்நிலையியல், சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்குவது கணக்கு, வேப்பிலை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அது தமிழ். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவது எந்தப் பாடம் என்று தெரியவில்லை, ஆனால் தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார்.

எழுத்தை நான் ட, ப, ம என்றுதான் தொடங்குவேன். பெரும்பாலும் நேர்கோடுகள் என்பதால் பிஞ்சு விரலுக்கு எளிது, அ-வின் சுழி அப்படியில்லை. படம், மடம் என்று சீக்கிரமே சொல்லாகவும் சேர்க்கலாம்.

கொரோனாவில் விட்டுப்போனதை ஈடுகட்ட 2022-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அவரவர் கற்றிருக்கும் அளவுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஒரே வகுப்பில் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பிடிக்காதது, ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து செல்போனில் மதிப்பீடு பதிவது; அதற்குள் மற்றவர்கள் மைதானத்துக்குப் போயிருப்பார்கள்.

பெற்றோர் வந்தால், கடைக்குக் கூட்டிப்போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்க விடுங்கள், வாங்கும் பொருளின் அட்டையில் இருக்கும் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள் என்பேன். தலையாட்டிவிட்டு, "சரிங்க டீச்சர், ஹோம்வொர்க் எப்ப தருவீங்க?" என்பார்கள்.