லெகோலஸ், கிம்லி, மூன்றாவது ஆள் வேண்டாம்

நவம்பர் 23, 2024, சனி

கார்த்திகை முகூர்த்தப் பத்திரிகைகள் எல்லாம் டெலிவரி ஆகிவிட்டன. மதியத்துக்கு மேல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் பத்திரிகைக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது முடிவெடுத்தேன்: கார்டு கேமுக்கு நான் கட்டும் அடுத்த டெக்கில், அதாவது சீட்டுக்கட்டில், லெகோலஸ், கிம்லி, இரண்டே ஹீரோ.

விளையாடாதவர்களுக்காக: இது ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கார்டு கேம். 2011-இல் ஃபேன்டசி ஃப்ளைட் வெளியிட்டது. ஆடுபவர்கள் எல்லோரும் ஒரே பக்கம். எதிரி ஒரு சீட்டுக்கட்டுதான். ஒருவர் மூன்று ஹீரோ வரை வைத்துக்கொள்ளலாம். டெக்கில் குறைந்தது 50 அட்டை, ஒரே அட்டை மூன்றுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு ஹீரோவும் சுற்றுக்கு ஒரு ரிசோர்ஸ் (அட்டை இறக்கும் காசு) சம்பாதித்துத் தருவதால் எல்லோரும் மூன்று பேரைத்தான் வைப்பார்கள். சம்பாதிக்கிற ஆளை வீட்டுக்கு வராதே என்று யார் சொல்வார்கள்?

அக்கா பையனும் அதைத்தான் கேட்டான். “ஏன் மாமா, கூட ஒரு ஆளைப் போட்டா என்ன?”

லெகோலஸ் எல்ஃப், கிம்லி குள்ளன். கதையில் இரண்டு இனத்துக்கும் பரம்பரைப் பகை. அப்படிப்பட்ட இருவர் ஹெல்ம்ஸ் டீப் போரில் யார் அதிகம் வெட்டியது என்று எண்ணிக்கொண்டே சண்டை போடுகிறார்கள். கிம்லி 42, லெகோலஸ் 41. அந்த நட்புதான் எனக்கு டெக். நடுவில் மூன்றாவது ஆள் நின்றால் கல்யாண போட்டோவில் யாரோ குறுக்கே வந்த மாதிரி இருக்கும்.

நவம்பர் 24, ஞாயிறு

தனியாக மிர்க்வுட் காட்டில் இறக்கிப் பார்த்தேன். இருப்பதில் சுலபமான ஆட்டம் அது. நாறிப்போனது.

பயணத்தை நகர்த்தும் பலம்தான் வில்பவர். லெகோலஸுக்கு அது 1, கிம்லிக்கு 2. ஆக 3. ஆட்டம் தொடங்கும்போதே அதைத் தடுக்க எதிர்ப்பக்கத்தில் ஒரு காட்டுச் சிலந்தி (2), பழைய காட்டுப் பாதை (1), அதுவும் 3. அதன்மேல் சுற்றுக்கு ஒரு புது அட்டை வேறு புரட்ட வேண்டும். இருவரையும் பயணத்துக்கு அனுப்பினால் சண்டைக்கு ஆளில்லை. சண்டைக்கு வைத்தால் பயணம் நகராது. குறைகிற ஒவ்வொரு புள்ளிக்கும் என் த்ரெட், அதாவது ஆபத்து எண், ஏறும், 50 தொட்டால் ஆட்டம் காலி. ஏழாவது சுற்றுக்கு மேல் எண்ணவே பிடிக்கவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

விடாத மழை. கடைக்கு யாரும் வரவில்லை. இரண்டு அட்டையையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று உறைத்தது. லெகோலஸின் த்ரெட் 9, கிம்லியின் த்ரெட் 11. கூட்டினால் என் தொடக்க த்ரெட் சரியாக 20.

இந்தப் பெட்டியை வெளிநாடு போன நண்பன் கொடுத்துவிட்டுப் போனான். அதில் ட்வாரோடெல்ஃப் வரிசையின் கூடுதல் அட்டைப் பாக்கெட்டுகள் சிலவும் இருந்தன. அந்த வரிசையில் ‘சீக்ரசி’ என்று ஒரு விதி உண்டு: த்ரெட் 20 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சில அட்டைகள் மலிவு. ‘ரிசோர்ஸ்ஃபுல்’ அதில் ஒன்று. ஒரு ஹீரோவுக்கு மாட்டிவிட்டால் சுற்றுதோறும் கூடுதலாக ஒரு ரிசோர்ஸ் வரும். அசல் விலை 4, சீக்ரசியில் 1. மூன்றாவது ஆள் வராமலே மூன்றாவது சம்பளம்!

சிக்கல் என்னவென்றால் சுற்று முடிவில் த்ரெட் ஒன்று ஏறி 21 ஆகிவிடும். சலுகை முதல் சுற்றுக்கு மட்டும்தான். கணக்குப் போட்டேன்: மூன்று பிரதி, முதல் கையில் ஆறு அட்டை, பிடிக்காவிட்டால் ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம், பிறகு ஒன்று எடுக்கலாம். முதல் சுற்றிலேயே அது கைக்கு வர நூற்றுக்கு 57 வாய்ப்பு.

என்னிடம் இருந்தது இரண்டு பிரதிதான். மூன்றாவதைப் பத்திரிகை வெட்டிய 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு துண்டில் அடித்துக்கொண்டேன். பின்பக்கம் யார் வீட்டுக் கல்யாணத்துப் பிள்ளையாரோ பாதி தெரிகிறார். ஸ்லீவுக்குள் போய்விட்டால் தெரியாது.

நவம்பர் 28, வியாழன்

பையனோடு இரண்டு பேர் ஆட்டம். அவனிடம் எயோவின் என்ற ஹீரோ, வில்பவர் 4. பயணத்தை அவன் பார்த்துக்கொண்டான், சண்டையை நான்.

ரிசோர்ஸ்ஃபுல் கணக்கில் மிச்சமிருந்த பள்ளத்தை மூடியதும் எயோவின்தான். ஆடுபவர் யாராக இருந்தாலும் சுற்றுக்கு ஒருமுறை கையிலிருந்து ஓர் அட்டையைக் கழித்தால் அவளுக்கு வில்பவர் ஒன்று கூடும். அவனுடைய ஹீரோதான், ஆனால் நானும் கழிக்கலாம். காலம் கடந்து வந்த ரிசோர்ஸ்ஃபுல் நேராக அங்கே போகிறது. “பார்த்தீங்களா, கடைசியில எயோவின்தான் காப்பாத்துறா” என்றான். பதில் சொல்லவில்லை. என் டெக்கில் அவள் இல்லை, அது போதும்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல். சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்தோம். தரையில் பாய் விரித்து, இரண்டு மெழுகுவத்தி ஏற்றி, மறுபடி மிர்க்வுட்.

கிம்லிக்கு ஒரு குணம்: அடி வாங்க வாங்கப் பலம் ஏறும். ஒரு காயத்துக்குத் தாக்குதல் ஒன்று. ஆனால் உயிர் ஐந்துதான். அதனால் ‘சிட்டடெல் பிளேட்’ கவசம் மாட்டினேன். விலை 4, உயிர் 4 கூடி ஒன்பது. அப்போதுதான் ஹம்மர்ஹார்ன்ஸ் என்ற பூச்சிக்கூட்டம் வந்தது. யாரோடு மோதுகிறதோ அவருடைய ஆட்களில் ஒருவருக்கு மொத்தமாக 5 அடி. த்ரெட் 40 ஆகும்வரை அதுவாக மேலே வராது.

“அதைத் தொடாதீங்க மாமா, அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

நானே போய் இழுத்தேன். ஐந்து காயமும் கிம்லிக்கு. பூச்சிகள் கடித்ததைக் கிம்லியே தடுத்தான்: தாக்குதல் 2, அவன் தற்காப்பு 2, தாக்குதலோடு வரும் ஷேடோ அட்டையிலும் ஒன்றுமில்லை. லெகோலஸ் ஒரே அம்பில் தீர்த்துக்கட்டினான். அதற்குப் பயணத்தில் இரண்டு புள்ளி வேறு. கிம்லி இப்போது 2 கூட்டல் 5. குள்ளர் கோடரி இருந்ததால் இன்னும் 2, ஆக 9.

அடுத்த சுற்றில் உங்கோலியன்ட்டின் குட்டி என்ற பெரிய சிலந்தி. உயிர் 9, தற்காப்பு 2. ஒரே அடியில் சாய்க்க 11 வேண்டும். அதன் தாக்குதலை ‘ஃபெயின்ட்’ போட்டு நிறுத்தினேன், ஒரு ரிசோர்ஸ். கிம்லி 9, லெகோலஸ் 3. பன்னிரண்டு.

பையன் கத்திய கத்தலில் மெழுகுவத்தி ஆடி, கிம்லியின் மேலேயே ஒரு சொட்டு விழுந்தது. நல்லவேளை, ஸ்லீவ். அக்கா உள்ளேயிருந்து, “ஊரே புயல்ல கெடக்குது, இவனுங்களுக்கு என்னடா கொண்டாட்டம்?” என்றாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஆடவில்லை. சாத்தனூர் அணையில் 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள், தென்பெண்ணைக் கரையோரம் எல்லாம் தண்ணீர். கடையில் பேப்பர் பண்டல்களை மேலே ஏற்றுவதிலேயே பொழுது போனது. பேப்பர் எல்லாம் நமுத்துப்போய்விட்டது. அட்டைப் பெட்டிக்குள் செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த சிலிக்கா பொட்டலம் நான்கு போட்டேன்.

டிசம்பர் 7, சனி

கேமில் அடுத்த ஆட்டம், ஆண்டுயின் ஆற்றுப் பயணம். தொடக்கத்திலேயே மலைப் பூதம் நிற்கும், அது சாகாமல் அடுத்த கட்டம் இல்லை. உயிர் 9, தற்காப்பு 3. லெகோலஸிடம் ரிவெண்டெல் பிளேட் என்ற வாள் இருந்ததால் தற்காப்பில் இரண்டு கழிந்து 1. தேவை 10. லெகோலஸ் 3, கோடரியோடு கிம்லி 4, ஓர்க்குகளிடம் வாங்கிய காயம் 3. சரியாகப் பத்து. ஃபெயின்டும் கையில் இருந்தது.

ஆட்டத்தில் அப்புறம் தோற்றோம், அது வேறு கதை. தோற்றதைப் பற்றி யாரும் பேசவில்லை. டெலிவரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு யார் எத்தனை என்று எழுதி வருகிறோம். சேர்ந்து அடித்தால் பெரிய அடி யாருடையதோ அவர் கணக்கில். அதன்படி பூதம் கிம்லிக்கு. ஆனால் லெகோலஸின் வாள் இல்லாவிட்டால் பூதம் செத்தே இருக்காது என்கிறான் பையன். அதுவும் நியாயம்தான்.

லெகோலஸ் 14, கிம்லி 13. பூதம் மட்டும் இரண்டு பத்திக்கும் நடுவில் பென்சிலில் நிற்கிறது.