பாக்குவெட்டியும் மியூனிக் ஒப்பந்தமும்

பதினோராம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுதோறும் நடந்த அந்த விவாதம் நம் சங்கத்தாரில் பலருக்கும் நினைவிருக்கும். “1938இல் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தது சரியா, தவறா?” மியூனிக் நகரில் பிரிட்டனும் பிரான்ஸும் இத்தாலியும் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டு, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லையோரச் சுடேட்டன் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்த கதை அது. புதுச்சேரிப் பிள்ளைகள் பிரான்ஸ் தரப்பு, கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இங்கிலாந்து தரப்பு. ஒரு ஊரைப் பிரெஞ்சுக்காரன் ஆண்டான், மற்றதில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை. கட்சி பிரிக்க வேறு காரணம் தேவைப்படவில்லை.

சார் வைத்த விதி ஒன்றுதான். முதல் சுற்றில், ஒப்பந்தம் கையெழுத்தான 1938 செப்டம்பர் 30க்குப் பிறகு நடந்த எதையும் எடுக்கக் கூடாது. போலந்து, லண்டன் குண்டுவீச்சு, யூதப் படுகொலை எதுவும் வாயில் வரக் கூடாது. அன்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன தெரியும், அதை மட்டும் வைத்துப் பேசு என்பார். மேடையில் வெளுத்துக்கட்டும் பிள்ளைகள்தான் இந்த விதியில் முதலில் சறுக்கினார்கள்.

விட்டுக்கொடுத்தது சரி என்ற கட்சிக்கு அந்தச் சுற்றில் சரக்கு நிறைய. முதல் உலகப் போர் முடிந்து இருபது ஆண்டுதான். பிரிட்டன் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் பறிகொடுத்திருந்தன. சுடேட்டன் பகுதியில் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் ஜெர்மானியர். இனம் தன் ஆட்சியைத் தானே தேர்ந்துகொள்ளட்டும் என்று 1919 சமாதான மாநாட்டில் பேசியவர்கள், அவர்களுக்கு மட்டும் எப்படி மறுப்பது? பிரிட்டனின் புதிய ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஒரே ஒரு படைப்பிரிவுக்குத்தான் வரத் தொடங்கியிருந்தது. ரேடார் நிலையங்களின் வரிசை பாதிகூட முடியவில்லை. லண்டன் பூங்காக்களில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். 69 வயதில் மூன்று முறை ஜெர்மனிக்குப் பறந்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினைக் கோழை என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வராது.

எதிர்க்கட்சிக்கு அதே தேதிக்குள் கிடைத்த வலுவான சான்று, ஜெர்மனியின் கோடெஸ்பெர்க் ஊரில் ஹிட்லரும் சேம்பர்லினும் நடத்திய இரண்டாம் சந்திப்பு. செப்டம்பர் 15 அன்று பெர்க்டெஸ்கார்டனில் ஹிட்லர் கேட்டதற்கு, ஒரே வாரத்தில் பிரான்ஸையும் செக்கோஸ்லோவாக்கியாவையும் சம்மதிக்கவைத்துக்கொண்டு 22ஆம் தேதி போய் நின்றார் சேம்பர்லின். இது இனிப் போதாது, அக்டோபர் 1க்குள் என் படை உள்ளே நுழைய வேண்டும் என்றார் ஹிட்லர். கேட்டது கிடைத்த பிறகும் விலையை ஏற்றுகிறவருக்கு அந்த நிலம் மட்டும் குறி அல்ல. இதைக் கண்டுகொள்ளப் பின்னால் நடந்தது எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிறகு சார் பலகையில் வரைபடம் போடுவார். பழுப்புச் சாக்பீஸில், செக்கோஸ்லோவாக்கியாவின் மேற்குப் பகுதியான பொஹீமியாவைச் சுற்றி மலைகள். மலையோரமாகச் சிவப்புப் புள்ளிகள், அவை செக்குகளின் கான்கிரீட் அரண்கள். மேசைமேல் ஒரு பாக்குவெட்டியைத் திறந்து வைத்து நடுவில் கொட்டைப்பாக்கை வைப்பார். மேல் அலகு ஜெர்மனி. கீழ் அலகு 1938 மார்ச்சில் விழுந்த ஆஸ்திரியா. பாக்கு நொறுங்காமல் தாங்கியது அதன் தோல்தான், அந்தத் தோல்தான் சுடேட்டன் மலைகள். இதைப் பார்த்த பிறகு ‘கொஞ்சம் நிலம்தானே’ என்று யாரும் பேசியதில்லை.

ஒப்பந்தத்தில் மொத்தம் எட்டுப் பிரிவுகள். இரண்டாம் பிரிவை நிறுத்தி வாசிக்கச் சொல்வார்: அக்டோபர் 10க்குள் காலி செய்ய வேண்டும், அங்குள்ள அமைப்புகள் எதையும் அழிக்கக் கூடாது. அதாவது அரண்களை உடைக்காமல் சாவியோடு கொடுத்துவிட்டுப் போக வேண்டும். செப்டம்பர் 23 இரவு அணிதிரட்டல் அறிவித்து 10 லட்சம் பேருக்குமேல் எல்லைக்கு அனுப்பிய நாடு அது. ஹிட்லர், சேம்பர்லின், பிரெஞ்சுப் பிரதமர் தலதியே, இத்தாலியின் முசோலினி ஆகிய நான்கு பேர் கையெழுத்திட்ட அந்த மேசையில் அதற்கு நாற்காலியே போடவில்லை. பிரிட்டனுக்கும் செக்குகளுக்கும் உடன்படிக்கை கிடையாது. பிரான்ஸுக்கு 1925இலிருந்தே இருந்தது. அதனால் புதுச்சேரிக் கட்சிக்குத்தான் பாரம் அதிகம்.

மிச்சமிருந்த செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைக்குப் பிரிட்டனும் பிரான்ஸும் தந்த உத்தரவாதத்தை விரைவாகவே கடக்கிறேன். 1939 மார்ச் 15 அன்று செக் தலைநகர் பிராகாவுக்குள் ஜெர்மன் படை நுழைந்தபோது அதைக் காக்க யாரும் வரவில்லை.

இரண்டாம் சுற்றில் தேதிக் கட்டு நீங்கும். ஓராண்டு அவகாசம் கிடைத்தது, அதில்தான் ரேடாரும் ஸ்பிட்ஃபயரும் வளர்ந்தன என்பார்கள் ஒரு சாரார். உண்மைதான். ஆனால் அதே ஓராண்டு எதிரிக்கும் கிடைத்தது என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்தால் சார் மதிப்பெண்ணைக் குறைப்பார். 1940 மே மாதம் பிரான்ஸுக்குள் புகுந்த 10 ஜெர்மன் டாங்கி டிவிஷன்களில் 6, 7, 8 ஆகிய மூன்றும் செக் தொழிற்சாலை டாங்கிகளைத்தான் பெரிதும் நம்பியிருந்தன. தலதியே கைவிட்ட நாட்டின் இரும்பு தலதியேயின் நாட்டுக்கே திரும்பி வந்தது. பாரிஸ் விழுந்தது. இங்கே நம் கடற்கரையில் கவர்னர் லூயி போன்வென் 1940 செப்டம்பரில் புதுச்சேரியை, ஜெர்மனிக்குப் பணியாமல் லண்டனிலிருந்து போராடிய பிரெஞ்சுத் தளபதி த கோல் பக்கம் சேர்த்தார். மியூனிக் நம் ஊர் வரைக்கும் வந்த வழி இது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். 1956இல் சூயஸ் கால்வாயை எகிப்தின் அதிபர் நாசர் தேசியமயமாக்கியபோது பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் அவரை முசோலினியோடு ஒப்பிட்டார். 1938இல் சேம்பர்லினோடு ஒத்துப்போகாமல் பதவி விலகிய அதே ஈடன்தான். பாடம் சரி, பொருத்திய இடம் தவறு. எகிப்துக்கு அனுப்பிய படையை ஈடன் திருப்பிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஆகவே எந்தச் சண்டையிலும் ‘மியூனிக்’ என்று கத்துமுன் சில கேள்விகளைக் கேட்டுப்பார்க்க வேண்டும். கொடுத்ததும் கேட்பது ஏறுகிறதா? கொடுப்பது வயலா, வேலியா? கொடுப்பவரும் இழப்பவரும் ஒருவரேதானா? வாக்கு மீறப்பட்டால் யார், எந்தப் படையோடு வருவார்?

பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கு விவாதம் வைக்கும்போது இந்தத் தலைப்பைச் சங்கத்தார் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எட்டுப் பிரிவுகளின் நகலும் மலைகள் தெரிகிற வரைபடமும் ஒரு வாரம் முன்பே அவர்கள் கைக்குப் போய்விடட்டும். யார் எந்தக் கட்சி என்பதை அன்று காலையில் சீட்டுக் குலுக்கிச் சொன்னால் போதும்.