பிறந்தநாள் இரவுப் பணி

பிரசவ வார்டில் ஒரு குழந்தை வெளியே வந்து அழுத உடனே கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கேள்விகள் வரும். முதல் கேள்வி, "என்ன குழந்தை?" அடுத்தது, "மணி என்ன சிஸ்டர், சரியாகப் பார்த்தீர்களா?" ஜாதகம் எழுத நேரம் வேண்டும். நாலைந்து நிமிடம் முன்பின் ஆனால் லக்னம் மாறிவிடுமே என்ற கவலை பெரியவர்களுக்கு. அதனால் குழந்தையின் தலை வெளியே வரும்போதே எங்களில் ஒருவருடைய கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விடும். அழுததா, நிறம் எப்படி, மூச்சு எப்படி என்று பார்த்துக்கொண்டே நேரத்தை உரக்கச் சொல்லுவோம். கேஸ் ஷீட்டில் ஏறுவது அந்த நேரம்தான்.

நான் காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். ஊரார் பிறந்தநாட்களை எழுதிக்கொண்டே இருக்கும் வேலை இது. எங்கள் பிறந்தநாள் பெரும்பாலும் டியூட்டியில்தான் வரும். இந்த ஆண்டு என்னுடையது தை மாதத்தில், இரவுப் பணி வாரத்தில் வந்தது. எங்கள் மருத்துவமனையில் இரவுப் பணி மாலை ஏழு முதல் காலை ஏழு வரை. அதாவது வேலைக்கு நடுவே, நள்ளிரவில் என் பிறந்தநாள் தொடங்கும்.

மதியப் பணியில் இருந்த சிஸ்டர் என்னைவிட வயதில் இளையவர். "அன்று ராத்திரி நான் இருந்துகொள்கிறேன் அக்கா, நீங்கள் பிள்ளைகளோடு இருங்கள்" என்று இரண்டு நாள் முன்பே கேட்டார். அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அன்று மாலை பணியேற்க உள்ளே போனபோதுதான் அவர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. அவருடைய நேரத்தில் இரண்டு பிரசவம் நடந்திருந்தது. அப்படி நடந்த மாலையில் பிரசவ அறை எப்படி இருக்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கழுவாத கருவிகள் கிடக்கும். பதிவேட்டில் பாதி எழுதி நிற்கும். பஞ்சு டிரம் காலியாக இருக்கும். அது யாருடைய குற்றமும் இல்லை. ஆள் அவ்வளவுதான், வேலை அவ்வளவு. அன்றோ மூன்று பிரசவ ட்ரேக்கள் கிருமி நீக்கி, பச்சைத் துணி சுற்றி, தேதி எழுதிய சீட்டு ஒட்டி வரிசையாக இருந்தன. ஆக்ஸிஜன் சிலிண்டர் புதிதாக மாற்றியிருந்தது. குழந்தையின் வாயை உறிஞ்சி எடுக்கும் கருவி ஓடுகிறதா என்று சோதித்த நேரம் குறிக்கப்பட்டிருந்தது. ஃபிரிட்ஜில் ஆக்ஸிடோசின் ஊசி மருந்து எண்ணி வைக்கப்பட்டிருந்தது. பதிவேட்டில் மறுநாள் காலை வரைக்கும் போதுமான கட்டங்கள் சிவப்பு மையில் ஸ்கேல் வைத்துக் கோடு போடப்பட்டு, வரிசை எண்ணும் எழுதியிருந்தன.

கையுறைப் பெட்டிகளைப் பார்த்தபோது நின்றுவிட்டேன். எங்கள் வார்டில் பெரும்பாலானோருக்கு ஏழாம் எண். அதனால் அந்தப் பெட்டிதான் எப்போதும் மேலே இருக்கும். எனக்கு ஆறரை. நடுவேலையில் குனிந்து அடியிலிருக்கும் பெட்டியை இழுப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. அன்று ஆறரை மேலே இருந்தது.

அவர் வாழ்த்துச் சொல்லவில்லை. "ஓவர் சொல்லட்டுமா அக்கா?" என்று கேட்டு, படுக்கை வாரியாக ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லி முடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "காலையில் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விடுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், எங்கள் வேலையில் அன்பு என்பது பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வருகிறது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்குப் பத்து யூனிட் ஆக்ஸிடோசின் போட வேண்டும். அது கருப்பையைச் சுருங்க வைத்து இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும். சில தாய்மாருக்கு அதற்குப் பிறகும் கருப்பை தளர்ந்தே இருக்கும். அன்று இரவு முதல் பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. 3.12க்குக் குழந்தை பிறந்தது. கொஞ்ச நேரத்தில் இரத்தம் வழக்கத்தைவிட அதிகமாக வரத் தொடங்கியது. ஒரு கையால் அவள் அடிவயிற்றைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். மறு கையை நீட்டிய இடத்தில் எல்லாம் இருந்தது. ஊசி, சலைன் பாட்டில், குழாய், பிளாஸ்டர். எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. டாக்டர் ஓடி வந்து பார்ப்பதற்குள் கருப்பை கையடியில் கெட்டிப்படத் தொடங்கியிருந்தது. இரத்தம் நின்றது. எட்டு மணி நேரத்துக்கு முன் ஒருத்தி வீட்டுக்குப் போகும் அவசரத்திலும் செய்துவைத்த வேலை அந்த நேரத்தில் என்னோடு நின்றது. நான் பெற்ற பரிசுகளில் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு அந்தப் பெண்ணின் அம்மா உள்ளே வந்தார். முந்தானை முடிச்சில் சர்க்கரை. பேரனுக்குச் சேனை தொட்டு வைக்க வேண்டும் என்றார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது, ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று எடுத்துச் சொன்னேன். இதைச் சொல்லும்போது சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எத்தனை பிள்ளைக்கு நாங்கள் வைத்திருக்கிறோம் என்பார்கள். இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை எடுத்து, "அப்படியானால் நீ வாயைத் திற தாயி, இந்தக் கைதானே அவனை முதலில் தொட்டது" என்றார். வாயைத் திறந்தேன். என் பிறந்தநாள் என்று அவருக்குத் தெரியாது. அந்த நாளில் என் நாக்கில் விழுந்த முதல் இனிப்பு அது. முன்பின் தெரியாத ஒரு தாயின் விரலிலிருந்து வந்தது. என் அம்மா போன பிறகு யாரும் எனக்கு அப்படி ஊட்டியதில்லை.

நான்கு மணிக்கு மேல் ஆயாம்மா வந்து, "பத்து நிமிடம் உட்காருங்கள் சிஸ்டர், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஃபிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். பிறகு ஒரு சிறு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். குங்குமமும் விபூதியும். முந்தின வாரம் என் நட்சத்திரம் என்ன என்று அவர் கேட்டிருந்தார். யார் வீட்டுக்கோ பொருத்தம் பார்க்கிறார் என்று நினைத்துச் சொல்லியிருந்தேன். அவர் ஊர் மாரியம்மன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்திருக்கிறார். வார்டிலேயே குறைந்த சம்பளம் வாங்குபவர் அவர். அர்ச்சனைச் சீட்டு, தேங்காய், பழம், பஸ் டிக்கெட் எல்லாம் அந்தச் சம்பளத்திலிருந்துதான்.

"உங்கள் நட்சத்திரம் என்ன ஆயாம்மா?" என்று கேட்டேன். தனக்கு நட்சத்திரம் கிடையாது என்றார். வீட்டில் பிறந்தவர். மருத்துவச்சிக்கு மணி பார்க்கத் தெரியாது, வீட்டில் கடிகாரமும் இல்லை. கோயிலுக்குப் போனால் சாமி பேருக்கே அர்ச்சனை செய்துவிட்டு வருவாராம். பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1 என்று இருக்கிறது. அது சேர்க்கையின்போது வாத்தியார் போட்ட தேதி. அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான்.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில் நடக்கிறது. பிறந்த நிமிடம் வரை எழுத்தில் இருக்கிறது. 21 நாளுக்குள் பதிவாகிவிடுகிறது. அந்த நிமிடத்தை நான் எழுதும்போதெல்லாம் பக்கத்தில் நின்று தரையைத் துடைத்து, துணியை எடுத்து, குழந்தையைச் சுற்றக் கொடுக்கிற அம்மாவுக்குத் தன் நாள் தெரியாது என்பது எனக்கு இத்தனை காலம் தெரியாமல் இருந்திருக்கிறது.

அவர் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது ஒன்று மட்டும் அவருக்கு நினைவிருந்தது. "புரட்டாசிக் கடைசி சனிக்கிழமை பிறந்தாய். நாகப்பட்டினத்துப் பெரும்புயல் அடித்தபோது ஒரு மாதக் குழந்தை. உன்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்" என்பாராம். அந்தப் புயல் 1977 நவம்பர் 12இல் வந்தது. கைப்பேசி நாள்காட்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். அதுவும் ஒரு சனிக்கிழமை. அதற்குச் சரியாக நான்கு வாரம் முன்னால், அக்டோபர் 15, புரட்டாசியின் கடைசி சனிக்கிழமை. அம்மா சொன்ன கணக்கு கொஞ்சமும் பிசகவில்லை. ஆயாம்மாவிடம் சொன்னேன். இரண்டு முறை திருப்பிக் கேட்டார். பிறகு ஒரு பேப்பரில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, மணிபர்ஸில் வைத்துக்கொண்டார்.

காலையில் வெளியே வந்தபோது காவலாளி அண்ணன் என் ஸ்கூட்டர் இருக்கையில் படிந்திருந்த பனியைத் துடைத்துவிட்டிருந்தார். அவர் யாருக்கும் அதைச் செய்பவர்தான். அன்று அதற்கும் சேர்த்து நின்று நன்றி சொன்னேன். வீட்டில் மகள் கேசரி கிளறி வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு மதியம் வரை தூங்கினேன்.

இப்போது புரட்டாசி நெருங்குகிறது. டியூட்டி அட்டவணை போடும் பொறுப்பு சிஸ்டரிடம் அக்டோபர் 15ஆம் தேதி என்னை ஆயாம்மாவுக்கு முந்தின பணியில் போடச் சொல்லியிருக்கிறேன். காரணத்தைக் கேட்டுவிட்டு அந்த மதியச் சிஸ்டரையும் என்னோடு சேர்த்துப் போட்டிருக்கிறார். சலவைக்குப் போகிற துணிக் கணக்கை மதியச் சிஸ்டர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்; கருவிகளைக் கழுவி அடுக்குவதும், வாளிகளில் பிளீச்சிங் கரைசல் கலந்து வைப்பதும் என் பொறுப்பு. மாரியம்மன் கோயிலுக்கு அதற்கு முந்தின வாரமே போய்வர வேண்டும். நட்சத்திரம் இல்லாமல் பெயரை மட்டும் சொல்லி அர்ச்சனை செய்ய முடியுமா என்று பூசாரியிடம் ஆள் விட்டுக் கேட்டேன். தாராளமாகச் செய்யலாம் என்றாராம்.