கடலூரில் டேட்டா லிங்க்ஸோடு எச்எஸ்எம்மைச் சேர்த்தபோது

2003-ல் நான் பாண்டிச்சேரியில் ஒரு சின்ன ஸ்கேனிங் கம்பெனியில் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பழைய பைப்லைன் டிராயிங்குகளை ஸ்கேன் செய்து, தேடி எடுக்கும்படி அமைத்துத் தரும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. பாண்டியிலிருந்து ஒரு பஸ், திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி சிதம்பரம் ரோட்டில் இன்னொரு பஸ். நாலு மாதம் இதுதான் என் பிழைப்பு.

ஒவ்வொரு டிராயிங்கும் பெரிய டிஃப் படக் கோப்பு. டேட்டாபேஸுக்குள் திணித்தால் தாங்காது. வெளியே வைத்துவிட்டு டேபிளில் வெறும் பாதையை எழுதினால், யாராவது ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றிய அன்றே எல்லாம் போச்சு. அதனால் ஐபிஎம்மின் டிபி2 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில், எட்டாம் பதிப்பின் டேட்டா லிங்க்ஸ் மேனேஜரை எடுத்தோம். கோப்பு ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) சர்வரில் சாதாரணக் கோப்பாகவே இருக்கும். டேபிளில் டேட்டாலிங்க் வகை நெடுவரிசை ஒன்று அதைச் சுட்டும். அந்த வரி இருக்கும்வரை கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ விடாது. படிக்கும் உரிமையும் டேட்டாபேஸிடம் என்று அமைத்தால், கோப்பின் ஓனரே டிஎல்எஃப்எம் என்ற யூசராக மாறிவிடும்.

டிஸ்க் பற்றாது என்பது முதலிலேயே தெரியும். பாதி டிராயிங்குகளை வருஷத்துக்கு ஒருமுறைகூட யாரும் திறப்பதில்லை. அவற்றைக் காந்த டேப்புக்கு அனுப்ப ஐபிஎம் டிவோலியின் எச்எஸ்எம் என்ற மென்பொருள். டிஸ்க் 90 சதவீதம் நிரம்பியதும் 80-க்கு இறங்கும்வரை பழைய கோப்புகளை டேப்புக்குத் தள்ளும். ரசீதுப் புத்தகத்தில் கிழித்துக் கொடுத்த பின் நிற்கிற அடிக்கட்டை மாதிரி, டிஸ்க்கில் ஒரு துண்டு மட்டும் நிற்கும். பெயர், அளவு எல்லாம் முழுக் கோப்பாகவே காட்டும். திறந்தால் டேப்பிலிருந்து தானே திரும்பி வரும். இதற்கு ரீகால் என்று பெயர்.

ஆக ஒரே கோப்புக்கு இரண்டு முதலாளிகள். யார் மேல், யார் கீழ்?

இதற்கு விடை இருந்தது. மூன்று ஃபைல் சிஸ்டங்கள் அடுக்காக உட்காரும்: அடியில் ஏஐஎக்ஸின் ஜேஎஃப்எஸ், அதன் மேல் எச்எஸ்எம்மின் எஃப்எஸ்எம், உச்சியில் டேட்டா லிங்க்ஸின் டிஎல்எஃப்எஸ். இந்த ஃபைல் சிஸ்டங்களை சர்வரில் இணைக்கும் மவுன்ட் அமைப்புக் கோப்பில் டிஎல்எஃப்எஸ்ஸின் அடிப்படை ஜேஎஃப்எஸ் அல்ல, எஃப்எஸ்எம் என்று மாற்றி எழுத வேண்டும். முதலில் எச்எஸ்எம், பிறகு டேட்டாபேஸ். அந்த வரிசையைப் பிடித்ததும் பாதி வேலை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

டிஸ்க் 94 சதவீதம் தாண்டியும் ஒரு கோப்புகூட டேப்புக்குப் போகவில்லை. ஒரு நாள் முழுக்க லாகைத் துருவினேன். எச்எஸ்எம்மின் விதித்தொகுப்பான மேனேஜ்மென்ட் கிளாஸில் தானாக மைக்ரேட் செய்வது, அதாவது டேப்புக்கு நகர்த்துவது, என்பது தொடக்கத்திலேயே 'வேண்டாம்' என்றுதான் இருக்குமாம். மாற்றினேன், போயின. சரி.

அப்புறம் வந்தது என் சொந்தத் தவறு. முதல் மூன்று வாரம் ஸ்கேன் செய்த டிராயிங்குகள் சர்வரில் ஏறிவிட்டன, டேபிள் வரிகள் மட்டும் இன்னும் ஏறவில்லை. கிளையன்ட்டிடமிருந்து டிராயிங் எண் பட்டியல் வரட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் எச்எஸ்எம் அவற்றில் பெரும்பகுதியை டேப்புக்கு அனுப்பிவிட்டது. பட்டியல் வந்த சாயந்திரம் எல்லா வரிகளையும் ஒரே லோடில் போட்டுவிட்டு கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

டேட்டாலிங்க் நெடுவரிசையை ரெகவரி வேண்டும் என்று, அதாவது கோப்பு போனாலும் மீட்கும்படி, அமைத்திருந்தால், கோப்பு லிங்க் ஆனதும் டேட்டா லிங்க்ஸ் அதை ஒரு பிரதி எடுத்துவைக்கும். பிரதி எடுக்கப் படிக்க வேண்டும். படித்தால் ரீகால். ஆயிரக்கணக்கான கோப்புகள், இரண்டே டேப் டிரைவ். திரும்பி வருகிற கோப்புகளால் டிஸ்க் நிரம்ப, எச்எஸ்எம் வேறு கோப்புகளை டேப்புக்குத் தள்ள, அதே டிரைவுக்கு இரண்டு பக்கமும் இழுபறி. பிரதி பாக்கி இருக்கும்வரை டேட்டாபேஸ் பேக்கப்பும் முடியாது, காத்துக்கொண்டே நிற்கும். காலையில் நான் போனபோது ராத்திரி பேக்கப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டேப்புகளை எடுத்து மாட்டும் டேப் லைப்ரரியின் கை இங்கும் அங்கும் ஓடுகிற சத்தம் வாசலிலேயே கேட்டது.

மவுன்ட் செய்யும்போது எச்எஸ்எம் முதலில் என்றால், கோப்பைச் சேர்க்கும்போது டேட்டாபேஸ் முதலில். லிங்க் ஆகி, பிரதி எடுத்து முடிந்த பிறகுதான் கோப்பு டேப்புக்குப் போகலாம். இந்தத் தலைகீழ் வரிசை என் மண்டையில் ஏற அந்த ராத்திரி தேவைப்பட்டது. லோடை நிறுத்தி, மீதியை ஃபோல்டர் ஃபோல்டராகப் பகலில் நானே ரீகால் செய்து, லிங்க் செய்து, பிரதி முடிந்ததைப் பார்த்து, அடுத்ததற்குப் போனேன். ஒன்பது நாள் ஆனது. இனி 30 நாள் தொடாத கோப்புதான் நகரவேண்டும் என்றும் அமைத்தேன்.

எல்லாம் ஓடத் தொடங்கிய வாரம் டிராயிங் ஆபீஸ் பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, முதல் தடவை அழுத்தினா ஒண்ணும் வரல. ரெண்டாவது தடவை அழுத்தினா அனுமதி இல்லைங்குது. நான் இருபது வருஷமா பாக்குற டிராயிங், எனக்கே அனுமதி இல்லையா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. டேட்டாபேஸ் கோப்பின் முகவரியோடு ஒரு டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டு, தரும். அதன் ஆயுள், நாம் மாற்றாவிட்டால் 60 விநாடி. டேப் ஏறி, சுற்றி, கோப்பு வர இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் பிரவுசர் பொறுமை இழந்துவிடும். மனிதர் மறுபடி அதே லிங்க்கை அழுத்துவார், டோக்கன் செத்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு மென்பொருளும் சரியாகத்தான் வேலை செய்தன. டோக்கன் ஆயுளை 1,800 விநாடியாக்கினேன். கூடவே, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எச்எஸ்எம் தரும் பட்டியலை ராத்திரிதோறும் ஒரு டேபிளில் ஏற்றி, திரையில் டிராயிங் எண் பக்கத்தில் 'டேப்பில் உள்ளது, மூன்று நிமிடம் ஆகும்' என்று காட்டினேன். அவ்வளவுதான். புகார் நின்றது. பெரியவர் முதலில் அழுத்திவிட்டு டீக்குப் போகப் பழகிவிட்டார்.

2006-ல் டிபி2 ஒன்பதாம் பதிப்பு வந்தபோது டேட்டா லிங்க்ஸை எடுத்தேவிட்டார்கள். நான் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தேன், ஆனாலும் லிங்க்கை அவிழ்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மறுபடி ரீகால் வெள்ளமோ என்று பயந்து சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன். அவிழ்க்கும்போது ஓனரும் அனுமதியும் மட்டும்தான் மாறும், உள்ளடக்கத்தை யாரும் படிப்பதில்லை. டேப் லைப்ரரி கை அசையாமல் நின்றது. காலையில் பார்த்தால் நிறையக் கோப்புகளுக்கு ஓனர் டிஎஃப்எம்அன்னோன் என்றிருந்தது. லிங்க் செய்தபோது இருந்த யூசர் இப்போது சர்வரில் இல்லையென்றால் டேட்டா லிங்க்ஸ் அந்தப் பெயரில் எழுதிவைத்துவிடும். எங்கள் ஸ்கேனிங் பையன்களின் அக்கவுன்ட்டுகளை எப்போதோ அழித்திருந்தார்கள். ஓனரை மாற்றும் ஒரு சௌன் கமாண்ட் போட்டுவிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.