தா.அ. மே - 47

"சார், பெயிண்ட் அடிக்கிறீங்களா?"

கையில் பிரஷ், காலடியில் டப்பா, மூக்கு நுனியில் வெள்ளைப் பொட்டு. இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து உறையூரில் எங்கள் தெருவே இதைத்தான் கேட்டது. முதல் நாள் "ஆமாங்க" என்றேன். மூன்றாம் நாள் "இல்லைங்க, மேஜைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுறேன்" என்றேன். இஸ்திரிக்காரர் மட்டும்தான் மாற்றிக் கேட்டார்: "ஏன் சார், வேலை போயிடுச்சா?"

வேலை போகவில்லை. மகளுக்கு மூன்றாம் வகுப்பு; படிக்க மேஜை வேண்டும் என்றாள். கடையில் இருப்பதெல்லாம் மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் ஓரம் பணியாரமாக உப்பிவிடும். அந்தச் சமயம் பார்த்து ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வீடியோ என் கண்ணில் பட்டது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குப்பையிலிருந்து எடுத்த அலமாரியை எட்டே நிமிஷத்தில் மாளிகைச் சாமானாக்கிவிட்டாள். சட்டையில் ஒரு சொட்டு இல்லை. இதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பாலக்கரைப் பக்கம் ஒரு பழைய மரச்சாமான் கடை. இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல், தூண் எல்லாம் சாய்த்து வைத்திருப்பார்கள். மூலையில் சாக்லேட் கலரில் ஒரு மேஜை. ரெண்டு டிராயர். ஒன்று திறக்கவில்லை, இன்னொன்று மூடவில்லை. கடைக்காரர் மேல்பலகையைத் தட்டிக் காண்பித்து, "ஒரிஜினல் பர்மா தேக்கு சார். இந்த மாதிரி இனிமே கிடைக்காது" என்றார். 3,500 ரூபாய். குட்டியானைக்கு 600. இறக்கி வைத்த டிரைவர், "இதை எங்கிட்டு சார் கொட்டணும்?" என்று கேட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா திண்ணையிலிருந்து மேஜையை ஒரு பார்வை பார்த்தார். வருவாய்த் துறையில் 34 வருஷம் இருந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். எதையும் உடனே சொல்லிவிடும் பழக்கம் அவருக்கு இல்லை. "ம்" என்றார். அந்த "ம்" மறுபடி கணக்கில் வரும்.

பழைய பெயிண்டைக் கழற்ற பெயிண்ட் ரிமூவர் என்று கூழ் மாதிரி ஒன்று கிடைக்கிறது. தடவிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு பெயிண்ட் லேசாகச் சுருங்கும். திடீரென்று எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி அங்கங்கே கொப்புளித்து எழும். பட்டித் தகட்டை ஓரத்தில் கொடுத்துத் தள்ளினால் சுருள் சுருளாக வந்துவிடும். அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அதே கூழ் ஒரு சொட்டு என் பாதத்தில் விழுந்தது. முதலில் ஐஸ் வைத்தாற்போல் ஜில்லென்றது. "பரவாயில்லையே" என்று நினைத்து முடிப்பதற்குள் நெருப்பாகப் பற்றியது. குழாயடிக்கு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எதிர்வீட்டு நாய் வழிவிட்டது.

சாக்லேட்டுக்கு அடியில் ஆகாய நீலம். நீலத்துக்கு அடியில் பச்சை. பள்ளிக்கூட ஜன்னல், ஆஸ்பத்திரிக் கட்டில், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் இருந்ததே, அந்தப் பச்சை. திண்ணையில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது.

மிச்சத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்று உட்கார்ந்தபோது மனைவி போனை நீட்டினாள். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம், காய்ந்தபடியே தேய்த்தால் தூளாக மூச்சில் போகும், குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது என்று போட்டிருந்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் போடப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்தப் பச்சை அதற்கு எத்தனையோ வருஷம் மூத்தது. "புள்ளைக்கு மேஜை செய்றீங்களா, விஷம் அரைக்கிறீங்களா?" என்றாள். கொரோனா காலத்து முகக்கவசம் பரணிலிருந்து இறங்கியது. மகள் பாட்டியோடு பின்கட்டுக்கு நாடு கடத்தப்பட்டாள். தண்ணீர் தாள் வாங்கி நனைத்து நனைத்துத் தேய்த்தேன். வழிந்த பச்சைச் சேற்றைத் துணியில் துடைத்துத் துடைத்துத் தனியாகக் கட்டி வைத்தேன்.

அடியில் மரம் தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சீக்கிரம் முடியட்டும் என்று 60ஆம் நம்பர் தாளை எடுத்து, கை போன திசைக்கெல்லாம் தேய்த்துத் தள்ளினேன். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும் என்பதும், 60 என்பது கிட்டத்தட்டத் தேங்காய்த் துருவி என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரியும். ஆடும் காலைச் சரிபார்க்க வந்த ஆசாரி, மேல்பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார்.

"யாரு சார் கோழி விட்டுக் கிளறினது?"

மரத்தின் ரேகை ஓடுகிற போக்கிலேயே தேய்க்க வேண்டுமாம். குறுக்கே இழுத்தால் கீறல் விழும், பாலிஷ் போட்டதும் அத்தனையும் எழுந்து நின்று பேசும். பிறகு 120, அதன்பின் 220 என்று மூன்று நாள் சாயங்காலம் நான் செய்த பிராயச்சித்தத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. போகும்போது ஆசாரி பர்மா கதையையும் முடித்துவைத்தார்: "மேல்பலகை தேக்குதான், அதுல சந்தேகமில்ல. காலு நாலும் வேம்பு. சட்டம் வந்து..." கொஞ்சம் யோசித்தார். "விடுங்க, நல்லா இருக்கு."

மறுநாள் காலையில்தான் வினை. முன்காலின் உள்பக்கம் பச்சையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அதற்கும் அடியில் வெள்ளை எழுத்து தெரிந்தது. ஊர்ப் பெயர் அழிந்துபோயிருந்தது. மிச்சம் தெளிவாக இருந்தது: தா.அ. மே - 47.

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து பார்த்தார்.

"தாலுகா ஆபீஸ், மேஜை, நாற்பத்தேழு. நான் அன்னைக்கே நினைச்சேன். இது கண்டம் பண்ணி ஏலத்துல போனதுடா."

கண்டம் என்றால், இது இனி உதவாது என்று அரசாங்கம் முறைப்படி எழுதித் தள்ளிவிடுவது. ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம், நெருப்பில் கண்டம் என்பார்களே, எனக்கு மரத்தில் இருந்திருக்கிறது.

அதுவரை திண்ணையைத் தாண்டாதவர், அன்றிலிருந்து என் மேலதிகாரி ஆனார். திறக்காத டிராயரை நான் சுத்தியலால் தட்டப் போனேன். "அடிக்காதே. இது இழுக்கிறதுல ஒரு பக்குவம் இருக்கு" என்று சொல்லி, இடது மூலையை லேசாகத் தூக்கி, வலது பக்கம் ஒரு நெட்டு நெட்டினார். வந்துவிட்டது. 34 வருஷ சர்வீஸ். ஓடுகிற விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்க்கச் சொன்னார். இப்போது ஒரு விரலால் இழுத்தால் வருகிறது. உள்ளே துருப்பிடித்த குண்டூசிகள், பைல் கட்டும் டேக் நூல் நாலைந்து, சீல் வைக்கிற சிவப்பு அரக்குத் துண்டு ஒன்று. அந்த அரக்கை அவர் முகர்ந்து பார்த்த விதத்தை அம்மா கவனித்தாள். "என் கல்யாணப் பட்டுப்புடவையை இப்படி ஒருநாள் எடுத்துப் பார்த்ததுண்டா?" என்றாள்.

மேல்பலகைக்குப் போடும் பாலிஷும் அரக்குதான். மரக்கிளையில் அரக்குப் பூச்சி விடுகிற பிசினைச் சுத்தம் செய்து செதிலாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்தால் பிரெஞ்சு பாலிஷ். நானே கரைக்கப் போகிறேன் என்றதும் அப்பா ஒரு விரலை உயர்த்தினார்.

"ஸ்பிரிட்டா? அதுக்கு ஒரு ரூல்ஸ் இருக்கு தெரியுமா? டினேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால் மற்றும் வார்னிஷ், அடைப்புக்குறிக்குள் பிரெஞ்சு பாலிஷ், விதிகள், 1959."

மேஜைக்குப் போடுகிற பாலிஷுக்குத் தனியாக விதியா என்று சிரித்தேன். மதுவிலக்குக் காலத்தில் அதையும் வடிகட்டிக் குடித்தவர்கள் உண்டு என்றார். நான் வாயை மூடிக்கொண்டு, பெயிண்ட் கடையில் கலந்தே விற்கிற டின்னை வாங்கி வந்தேன். பில்லை அப்பா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

பழைய பனியன் துணியில் பஞ்சை வைத்து உருட்டி, பாலிஷில் நனைத்து, நிற்காமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் தயங்கினால் துணி ஒட்டிக்கொள்ளும். மூன்று கை போட்டதும் தேக்கு தேன் நிறத்துக்கு வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. வாட்ஸ்அப்பில் படம் போட்டேன். மறுநாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையோடு நாலாவது கையும் போட்டேன். அரை மணி நேரத்தில் மேல்பலகை முழுக்க விபூதி பூசினதுபோல் பூத்துப்போனது. ஈரக்காற்றில் பாலிஷ் போட்டால் இப்படித்தான் வெளுக்குமாம். வெயில் அடித்த அன்று துணியில் ஸ்பிரிட்டை லேசாகக் காட்டித் துடைத்த பிறகுதான் தெளிந்தது. அந்த ஸ்பிரிட்டை ஆசாரி கொண்டுவந்தார். எங்கிருந்து என்று அப்பா கேட்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து அவருக்கு மாடியில் வேலை இருந்தது.

காலுக்கு வெள்ளை எனாமல். மனைவியின் விருப்பம். பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, ஆபீஸ் விட்டு வந்து போர்ட்டிகோ விளக்கைப் போட்டுக்கொண்டு ரெண்டாவது கோட்டிங் அடித்து முடித்தேன். நிலைக்கண்ணாடி மாதிரி இருந்தது. கை கழுவப் போனேன். மழை விட்ட சாயங்காலம், வெளிச்சம், வெள்ளை நிறம். தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். திரும்பி வந்தபோது ஊரிலுள்ள ஈசல் எல்லாம் என் மேஜைக் காலில் இறங்கியிருந்தது. ஒட்டிக்கொண்டு சிறகடிக்கிறது, சிறகை விட்டுவிட்டு உடம்பு மட்டும் ஊர்ந்து போகிறது. குண்டூசியால் எடுக்கப் போனேன். ஒன்றை எடுத்தால் நாலு கோடு விழுந்தது. அப்படியே காயவிட்டு, தேய்த்து, மூன்றாவது முறை அடித்தேன், விளக்கை அணைத்துவிட்டு. இன்றைக்கும் பின்காலில் விரலை வைத்தால் ஒரு சிறகு தட்டுப்படும். ஏதோ டிசைன் என்று விருந்தாளிகளிடம் சொல்கிறோம்.

முன்காலின் உள்பக்கம் மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை. அடிக்க விடவில்லை.

"ஸ்டாக் நம்பரை அழிக்கப்படாது. நாளைக்கு ஆடிட்ல கேட்டா?"

"அப்பா, இது நம்ம வீடு."

"வீடுன்னா கணக்கு வேண்டாமா?"

கணக்கும் அவர்தான் எழுதினார். மேஜை 3,500, வண்டி 600, ரிமூவர், தாள், பிரைமர், எனாமல், பாலிஷ், ஆசாரி கூலி, என் பாதத்துக்குக் களிம்பு 85. கூட்டினால் 9,240. கடையில் புது மேஜை 6,000. அடியில் சிவப்பு மையில் "விளக்கம் கோரப்படுகிறது" என்று எழுதி, என் தலையணை மேல் வைத்திருந்தார்.

மேஜையை ஜன்னலோரம் போட்டோம். மகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது டிராயரைத் திறந்து மூடிப் பார்த்து, பேனாவை வலது கைப்பக்கம் வைத்துவிட்டார். எழுந்திருப்பார் என்று பார்த்தோம். பத்து மணிக்கு வருகிறார், ஒரு மணிக்குச் சாப்பாடு, ரெண்டு மணிக்கு மறுபடி. கரண்டு பில், கேஸ் பில், பால் கணக்கு எல்லாம் துளை போட்டு, டேக் கோத்து டிராயருக்குள் போகின்றன.

மகள் தரையில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். பொறுத்துப் பார்த்துவிட்டு, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, மாலை ஐந்து முதல் ஏழு வரை மேஜை வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். தேதி போட்டார். பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

மூன்று வாரம் ஆகிறது. அவளும் தினமும் சீட்டோடு வந்து, "தாத்தா, என் மனு?" என்கிறாள்.

"மேல போயிருக்கும்மா."

மேலே மாடியில் அம்மா வடகம் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டுப் பார்த்தேன். அவளுக்கு எந்த பைலும் வரவில்லையாம்.